அந்த ஃபைல்களை அழித்தது நான்தான்

கண்ணு,

நீ பெங்களூர் பஸ் ஏறி ஒரு வாரம் ஆகப்போகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஹைவேயில் பஸ் நின்ற ரெண்டு நிமிஷத்தில், பையை மேலே தூக்கி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக நீ என்னிடம் சொன்னது ஒரே விஷயம்தான். "அம்மா, உன் கமாண்ட் ஃபைல மறக்காம அனுப்பு." அப்பா சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நீ ஃபைலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்குச் சிரிப்பு வந்தது, பெருமையாகவும் இருந்தது. சர்வர் ரூமில் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் எனக்குக் கைகொடுத்த ஒவ்வொரு கட்டளையையும் எழுதி, அது எதற்கு என்று பக்கத்திலேயே தமிழில் ஒரு வரி குறித்து வைத்த ஃபைல் அது. அனுப்பிவிட்டேன், உன் மெயிலில் இருக்கும். ஆனால் அதைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

இது உனக்கு மட்டும் வரும் கடிதம் இல்லை. எங்கள் கம்பெனியில் வருடா வருடம் போடும் குடும்ப மலருக்கு, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். புத்திமதி நாலு எழுதிக் கொடுத்திருக்கலாம். நீ கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாயே, அதைக் கேட்டபின் என்னால் அப்படி எழுத முடியவில்லை. "இண்டர்வியூல உன் கதையத்தாம்மா சொன்னேன். ஏன் இந்த வேலைக்கு வர்றேன்னு கேட்டாங்க. எங்கம்மா கம்பெனில வெண்டர் ஆள் ஒருத்தன் மூணு வருஷ ரெக்கார்டையும் அழிச்சிட்டான், எங்கம்மா ஒண்டியா உக்காந்து எல்லாத்தையும் மீட்டாங்கன்னு சொன்னேன். மூணு பேரும் அப்டியே ஆஃப் ஆயிட்டாங்க." நான் உன் தட்டில் இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினேன். அந்தக் கதையை ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூட மேடையில் சொன்னாய், இப்போது வேலைக்கான நேர்காணலிலும் சொல்லியிருக்கிறாய். நாலு பேர் முன்னால் சொல்லப்பட்ட கதை, அதனால் திருத்தத்தையும் நாலு பேர் பார்க்கவே எழுதுகிறேன். அந்த ரெக்கார்டுகளை அழித்தது வெண்டர் ஆள் இல்லை. நான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் நீ அறிந்த கதையில் பாதி உண்மைதான். நான் ஒரகடத்துக்கு வேலைக்கு வந்தது லைனில் வயர் செருகத்தான். காருக்குள் ஓடும் வயர்க் கட்டுகளை அசெம்பிள் செய்யும் கம்பெனி. கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்திருக்கிறேன் என்று தெரிந்ததும் லேபிள் பிரிண்ட் போடும் மேஜைக்கு மாற்றினார்கள், பிறகு சர்வர் ரூமில் இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது அந்தச் சாவியும் என்னிடம் வந்தது. அந்த அறையை எனக்குக் கற்றுத் தந்தவர் எபினேசர். இந்தப் பெயரை நான் உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எங்கள் சர்வரைப் பராமரிக்க ஒப்பந்தம் எடுத்த வெண்டர் கம்பெனியிலிருந்து வாரம் ஒருமுறை வருவார், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், குன்றத்தூர்க்காரர். வரும்போதே "இன்னாக்கா, எல்லாம் ஓடினு கீதா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். ஒரு கட்டளையைச் சொல்லித் தந்தால், அது என்ன செய்யும் என்பதோடு விடமாட்டார். தப்பாக அடித்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்வார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டதுதான் உன் கையில் இருக்கும் ஃபைலின் முதல் முப்பது நாற்பது வரி.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, பென்னலூர் வீட்டில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் அந்தக் கட்டளைகளை அடித்துப் பழகும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பாய். `df -h` என்று அடித்தேன் ஒரு நாள். "மைனஸ் ஹெச்சு இன்னாத்துக்குமா?" என்றாய். டிஸ்கில் எவ்வளவு இடம் பாக்கி என்பதை மனுஷனுக்குப் புரிகிற மாதிரி காட்டச் சொல்வதுதான் அந்த ஹெச் என்றேன். "அப்ப அது போடலன்னா யாருக்குப் புரியும்?" என்று நீ கேட்டதை அடுத்த வாரம் எபினேசரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். அதே கட்டளைதான் ஒரு காலையில் என்னைக் காப்பாற்றியது. திடீரென்று லேபிள் பிரிண்டர் நாலும் நின்றுபோயின. லேபிள் ஒட்டாத வயர்க் கட்டு வெளியே போக முடியாது, ஆகவே லைனே நின்றது. சூப்பர்வைசர் பிரிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் `df -h` அடித்தேன், டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பியிருந்தது. `du -sh * | sort -h` அடித்து எந்த ஃபோல்டர் வீங்கியிருக்கிறது என்று பார்த்தேன், மெஷின் தானாக எழுதிச் சேர்த்த, எவருக்கும் தேவையில்லாத பழைய லாக் ஃபைல்கள். அவற்றை எடுத்ததும் பிரிண்டர்கள் தாமாகவே ஓடின. "இன்னாமா, மந்திரம் போட்டியா?" என்றார் சூப்பர்வைசர். அன்றிலிருந்து எனக்கு என்மேல் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை நல்லதுதான், இன்றும் எனக்கு அது நிறைய உண்டு. ஆனால் அந்த வருடம் அது என் தகுதியைக் கொஞ்சம் தாண்டிப் போயிருந்தது.

இனி, நீ ஒன்பதாவது படித்தபோது வந்த அந்த வியாழக்கிழமை. தயாராகும் ஒவ்வொரு வயர்க் கட்டையும் டெஸ்ட் செய்து, அதன் முடிவை ஒரு சின்ன ஃபைலாகச் சேமிப்போம். எங்கள் சர்வரில் கடைசி மூன்று மாதத்து ஃபைல்கள் மட்டும் இருக்கும், பழையவை எல்லாம் கிளவுடில், அதாவது இணையத்தில் வாடகைக்கு எடுத்த இடத்தில். கார் கம்பெனி ஆடிட்டுக்கு வந்து இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு கட்டின் நம்பரைச் சொன்னால், அதன் டெஸ்ட் முடிவை எடுத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அடுத்த லோடை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை அந்த ஆடிட் இருந்தது. வியாழன் காலை ஒன்பது மணிக்கு எபினேசர் வந்தார், சர்வரில் ஏதோ அப்டேட் போட்டார், பத்து மணிக்கு வேறு கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். வாரா வாரம் புது ஃபைல்களைத் தானாகக் கிளவுடுக்கு ஏற்றும் ஸ்கிரிப்ட், எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு, அந்த வாரம் ஓடவில்லை என்பதை அவர் போனபிறகுதான் கவனித்தேன். அவருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். இதைக்கூட நானே செய்ய மாட்டேனா என்று கையால் அடிக்க உட்கார்ந்தேன். ஸ்கிரிப்டில் இருந்தது `rclone copy`. நான் அடித்தது `rclone sync`.

உனக்கு வித்தியாசம் தெரியும். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். copy என்றால் இங்கே இருப்பதை அங்கே கொண்டுபோய் வைக்கும், அங்கே ஏற்கெனவே இருப்பதைத் தொடாது. sync என்றால் அங்கே இருப்பதை இங்கே இருப்பது போலவே ஆக்கிவிடும். இங்கே மூன்று மாதம்தான் இருந்தது, ஆகவே அங்கேயும் மூன்று மாதம் போதும் என்று அது முடிவு செய்தது. போனில் சிங்க் என்ற சொல்லைப் பார்த்துப் பார்த்து, ரெண்டும் ஒன்றுதான், sync என்பது copy-யின் புதுப் பெயர் என்று நினைத்துவிட்டேன். திரையில் Deleted, Deleted என்று வரிவரியாக ஓடியது. ஏதோ தற்காலிக டெம்ப் ஃபைல்களைச் சுத்தம் செய்கிறது என்று எண்ணி, அதை ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். அதை இன்று எழுதும்போதும் காது சூடாகிறது.

பன்னிரண்டு மணிக்கு குவாலிட்டி பிரிவுப் பெண் வந்து, "மேடம், பழைய ஃபைல் ஒண்ணும் காணோமே" என்றாள். போய்ப் பார்த்தேன். மூன்று வருடம் காலி. நான் அடித்ததை மேலே போய் மறுபடி படித்தேன், அந்த நொடியே புரிந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் மேனேஜர் சபாபதி சார் சர்வர் ரூமுக்குள் நின்றார். "யார் கை வச்சது? காலைல அந்த வெண்டர் பையன்தானே வந்தான்?" என்று கேட்டார். நான், "ஆமா சார், வந்தாரு" என்றேன். கண்ணு, அந்தப் பதிலில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அதோடு நின்றிருந்தால்கூட, பயத்தில் வாய் அடைத்துப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம். சார் வெளியே போய் வெண்டர் கம்பெனியிடம் போனில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார், கண்ணாடிக் கதவு வழியாகக் கேட்டது. நானும் எபினேசரும் ஒரே அட்மின் லாகின்தான் வைத்திருந்தோம், யார் எதை அடித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மிச்சமிருந்தது என் திரையில், நான் அடித்த கட்டளைகளின் வரிசையில் இருந்த அந்த ஒரு வரி. `history` என்று அடித்து அதன் எண்ணைப் பார்த்தேன். `history -d` அடித்து, அந்த எண்ணைக் கொடுத்து, அதை எடுத்துவிட்டேன். நன்றாகத் தெரிந்து, நிதானமாகச் செய்தேன். உனக்கு அனுப்பிய ஃபைலில் அந்தக் கட்டளை இல்லை, நீயாகக் கற்றுக்கொள்வாய், அதற்கு நல்ல உபயோகங்களும் உண்டு. நான் அதை முதன்முதலாக எதற்குப் பயன்படுத்தினேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மீட்டது நான் என்பது உண்மை. ஆனால் எப்படி மீட்டேன் என்று நீ ஒருமுறையும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வியாழனுக்கு ஒரு மாதம் முன்பு எபினேசர் என் மேஜைக்கு வந்து, "அக்கா, கிளவுட்ல ஒரு செட்டிங் போட்டுக்கீறேன். யாராச்சும் அழிச்சாலும் ஒரு மாசம் பழைய காப்பி உள்ளயே கீது, பயப்படாதீங்க" என்று சொல்லியிருந்தார். அப்போது நான் லேபிள் ரோல் எண்ணிக்கொண்டிருந்தேன், சரி சரி என்று தலையாட்டினேன். அந்த மதியம்தான் அது ஞாபகம் வந்தது. தேடிப் பார்த்தேன், இருந்தது. அழிந்த ஒவ்வொன்றுக்கும் பழைய பிரதி அப்படியே இருந்தது. மாதம் மாதமாகப் பிரித்துத் திருப்பி எடுத்தேன், ஐந்தரை மணிக்கெல்லாம் எல்லாம் வந்துவிட்டது. மறுநாள் ஆடிட் நல்லபடியாக முடிந்தது. சபாபதி சார் எல்லோர் முன்னாலும் என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கி, ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். அந்தப் பாக்ஸோடு வீட்டுக்கு வந்து உங்களிடம் கதையைச் சொன்னேன். வெண்டர் ஆள் அழித்துவிட்டான், நான் மீட்டேன். நீ ஒரு மைசூர்பாக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, தின்ன மறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சனிக்கிழமை மதியம் எபினேசர் போன் செய்தார். திட்டுவார் என்று நினைத்துத்தான் எடுத்தேன். கம்பெனிக்குள் வர அவருக்குக் கொடுத்திருந்த கேட்பாஸை ரத்து செய்திருந்தார்கள், எங்கள் கம்பெனிப் பக்கமே வரக்கூடாது என்று உத்தரவு. அவர் திட்டவில்லை. "அக்கா, நீங்க மீட்டுட்டீங்களாமே, ரொம்ப தேங்க்ஸ்க்கா. ஒரே ஒரு உதவி. நான் எதால தப்பு பண்ணேன்னு எனக்கே புரியல. ஒம்போதுலருந்து பத்து வரைக்கும் இன்னா இன்னா அடிச்சேன்னு எல்லாம் எழுதி வெச்சினு கீறேன். ஒண்ணொண்ணா படிக்கிறேன், எதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க." அவர் படிக்க ஆரம்பித்தார். நான் ஒவ்வொன்றுக்கும், "அது இல்லை," "அதுவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பதினாலு கட்டளைகள். "அப்ப எதுதாங்கா?" என்றார். நான், "தெரியலப்பா" என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் நான் இன்னும் கெட்டியாகியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அவர் தன்னையே சந்தேகப்பட்டதுதான் என்னைக் கலைத்தது. வேலையில் அவ்வளவு சுத்தமான ஒரு ஆள், இனி ஒவ்வொரு தடவை கீபோர்டில் கை வைக்கும்போதும் தயங்கப் போகிறார், நான் பறித்தது அதைத்தான் என்று புரிந்தது. திங்கட்கிழமை காலை பஸ் இறங்கியதும் நேராகச் சபாபதி சார் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த வரியை எடுத்ததையும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, "இப்ப ஏம்மா இதைச் சொல்றே? ஆடிட் முடிஞ்சிது, ஃபைல் இருக்கு. அந்தப் பையன் வேற இடம் பாத்துக்குவான். விடு" என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கதவு திறந்தே இருந்தது, அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். "இல்ல சார், நீங்க இப்ப, என் முன்னாடி, அவங்க கம்பெனிக்கு மெயில் போடுங்க. இல்லன்னா நானே போடுறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டார். எனக்கு ஒரு மெமோ வந்தது, அடுத்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எந்த வருத்தமும் இல்லை, நியாயமாக வந்தது.

அன்று ஷிப்ட் முடிந்து குன்றத்தூருக்குப் போனேன். வீட்டு வாசலில் நின்றபடியே எபினேசரிடம் சொன்னேன். அவர், "வூட்ல எங்கம்மா கிட்ட நான்தான் அழிச்சுட்டேன்னு சொல்லிக்கீறேன். மூணு நாளா அவங்க சரியா சாப்டல. நீங்களே உள்ள வந்து சொல்லிடுங்க" என்றார். உள்ளே போனேன். அந்த அம்மா எனக்கு நாற்காலி போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். சொன்னேன். அவர்கள் மகனைப் பார்த்து, "நான் சொல்லல? நீ அப்டி பண்ண மாட்டன்னு?" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். என்னைத் திட்டி ஒரு வார்த்தை இல்லை. வெண்டர் கம்பெனி அவரை மறுபடி எங்களிடம் அனுப்பத் தயாராக இருந்தது, அவர் வரவில்லை. ஒரு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

யார் வீட்டிலோ போய்ச் சொன்னவள், என் வீட்டில் சொல்லவில்லை. அன்று நான் வீடு வந்து சேர்ந்தபோது நீ யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தாய். பேச்சுப் போட்டியில் உனக்கு முதல் பரிசு. "என் அம்மாவின் வேலை" என்று தலைப்பு. அந்தப் பேச்சை நடுவீட்டில் நின்று மறுபடி பேசிக் காட்டினாய். நான் கைதட்டினேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன், பிறகு நீ கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்றாய், அதன்பின் சொல்வதற்கு எனக்குத் தைரியம் இல்லை. ஆபீஸில் நாலு நாளில் வந்த தைரியம், பிள்ளை முன்னால் எட்டு வருடமாக வரவில்லை. உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். ஒன்று மட்டும் புரிந்துகொள், இண்டர்வியூ எடுத்த அந்த மூன்று பேர் உனக்கு வேலை கொடுத்தது என் கதைக்காக இல்லை. அவர்கள் கொடுத்த பரீட்சையை நீதான் எழுதினாய். உன் இடத்தில் நீ உன் காலில்தான் நிற்கிறாய், நான் கதையை எடுத்துவிட்டால் நீ விழமாட்டாய்.

அதற்குப்பின் நான் எப்படி வேலை செய்கிறேன் என்பதை ஃபைலைப் பார்த்தாலே தெரியும். அடுத்த வாரமே எல்லோருக்கும் தனித்தனி லாகின் கேட்டு வாங்கினேன், யார் அடித்தார்கள் என்ற கேள்வி ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்து முடிவாகக் கூடாது. எந்த சர்வரில் இருக்கிறாய் என்று `hostname` அடித்துப் பார்க்காமல் எதையும் அழிக்காதே. sync வரும் இடங்களில் எல்லாம் முன்னால் `--dry-run` போட்ட வரி ஒன்று இருக்கும். என்ன செய்யப் போகிறது என்பதைச் செய்யாமல் சொல்லிக் காட்டும், அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படி, அது முடியும்வரை டீக்குப் போகாதே. இன்று எங்கள் மூன்று யூனிட்டின் சர்வர்களையும் நான்தான் பார்க்கிறேன், நன்றாகவே பார்க்கிறேன். அந்த வியாழக்கிழமை என்னைக் கெட்டிக்காரி ஆக்கியது என்று சொல்லமாட்டேன், ஆக்கியது திங்கட்கிழமைக்குப் பிறகு செய்த வேலை.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் போன ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போய் எபினேசரைப் பார்த்தேன். அங்கேதான் வீடு கட்டியிருக்கிறார், ஒரு பெரிய கம்பெனியில் சர்வர் டீமுக்கே அவர்தான் தலைவர். கடிதத்தைப் படித்துக் காட்டி, பேரை மாற்றிப் போடட்டுமா என்று கேட்டேன். "எதுக்குக்கா மாத்தணும்? அன்னிக்கு என் பேருதானே கெட்டுச்சு? என் பேரே வரட்டும்" என்றார். உனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். மைனஸ் ஹெச் கேட்ட பையனா என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "பையன்கிட்ட சொல்லுங்க, வேலைல மொத தப்பு பண்ணா எனக்கு போன் பண்ணட்டும். உங்களுக்கு வேணாம்." எனக்கு ஏன் வேண்டாம் என்று கொஞ்சம் ரோஷமாகத்தான் கேட்டேன். "நீங்க அம்மாக்கா. உங்களுக்குன்னா எப்டி சொல்றதுன்னு மூணு நாள் யோசிப்பான். எனக்குன்னா அப்பவே பண்ணிடுவான். அந்த மூணு நாள்ல எவ்ளோ ஆவுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் நம்பரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். இப்போதே போனில் ஏற்றிக்கொள். மாமா என்று கூப்பிடு. நீ அவரிடம் என்ன பேசினாய் என்று நான் கேட்கமாட்டேன்.

அம்மா